பிரதமரின் வெளிநாட்டுப் பயணச் செலவு 2,021 கோடியா, 22 கோடியா? கணக்கு ஏன் இப்படி மாறுது?

பிரதமர் மோடி வெளிநாடு கிளம்பினாலே போதும், வாட்ஸ்அப் குழுக்களில் ரெண்டு விதமான ஃபார்வர்டு சுற்ற ஆரம்பிச்சிடும். ஒன்றில் பயணச் செலவு 2,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது என்று இருக்கும். இன்னொன்றில் 21 பயணத்துக்கு வெறும் 22 கோடிதான் என்று இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு எண்களுமே மத்திய அரசு மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த பதில்களில் இருப்பவைதான்.

அப்போ எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. கணக்கில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கு.

அரசு சொன்ன நான்கு பதில்கள்

2018 டிசம்பரில் சொன்ன எண் சுமார் 2,021 கோடி. 2014 ஜூன் முதல் அதுவரையிலான கணக்கு அது. இதில் 1,583 கோடி விமானப் பராமரிப்புக்கு மட்டும். தனி விமானக் கட்டணம் 429 கோடி. ஹாட்லைன் வசதிக்கு 9 கோடி. 2020 செப்டம்பரில் கேட்டபோது, 2015 முதல் 58 நாடுகளுக்குச் சென்ற செலவு 517.82 கோடி என்றார்கள். 2023 பிப்ரவரியில் வந்த பதில், 2019 முதல் 21 பயணங்கள், 22.76 கோடி. 2025 மார்ச்சில், 2022 மே முதல் 2024 டிசம்பர் வரை 38 பயணங்களுக்கு சுமார் 258 கோடி என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசிப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. 2023 ஜூனில் மோடி அமெரிக்கா போன ஒரே ஒரு பயணத்துக்கு 22 கோடியே 89 லட்சம். அதாவது, முந்தைய பதிலில் 21 பயணத்துக்கு ஆன மொத்தச் செலவைவிட இது அதிகம்! இரண்டும் ஒரே அளவுகோலில் போட்ட கணக்காக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஃபார்வர்டு பண்றவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?

பணம் எந்தப் பையிலிருந்து போகுது?

பிரதமரின் பயணத்துக்கு என்று ஒரே உண்டியல் கிடையாது. விமானம் ஒரு கணக்கு. போய் இறங்கும் நாட்டில் ஹோட்டல், கார்கள், இந்திய வம்சாவளியினரைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கான அரங்கம் போன்றவை இன்னொரு கணக்கு. கூடவே போகும் எஸ்.பி.ஜி. பாதுகாப்புப் படைக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் தனி ஒதுக்கீடு இருக்கு. 2020-21 பட்ஜெட்டில் அது கிட்டத்தட்ட 600 கோடி. உள்நாட்டுப் பயணம் என்றால் விமானச் செலவு பாதுகாப்பு அமைச்சகத்தின் தலையில் விழும்.

இதில் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் விமானம்தான். 2020 வரை நீண்ட தூரப் பயணத்துக்கு ஏர் இந்தியாவின் போயிங் 747 ஜம்போ விமானத்தை வாடகைக்கு எடுப்பார்கள். பயணம் முடிந்ததும் ஏர் இந்தியா பில் அனுப்பும். 2015 ஏப்ரலில் பிரான்ஸ், ஜெர்மனி, கனடா என்று போய்வந்த ஒரே சுற்றுக்கு பில் 31.25 கோடி. பில் அனுப்பினால் உடனே பணம் வந்துவிடுமா என்றால், அதுதான் இல்லை. 2018 செப்டம்பர் நிலவரப்படி விவிஐபி விமானங்களுக்காக அரசுத் துறைகள் ஏர் இந்தியாவுக்கு வைத்திருந்த பாக்கி 1,146 கோடி. நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2020 அக்டோபரில் இரண்டு போயிங் 777 விமானங்கள் வந்து சேர்ந்தன. ஏவுகணைத் தாக்குதலைத் தடுக்கும் கருவிகள் பொருத்தப்பட்டவை. இவற்றை ஓட்டுவது விமானப்படை விமானிகள். சொந்த விமானத்துக்கு யார் வாடகை பில் போடுவார்கள்? இது விமானப்படையின் சின்ன விமானத்தில் போகும்போது முன்பே இருந்த நடைமுறைதான். பிரதமர் அலுவலக இணையதளத்தில் அந்தப் பயணங்களுக்கு நேரே தொகை இருக்காது, ‘விமானப்படையின் பிபிஜே விமானம்’ என்று மட்டும் இருக்கும். எரிபொருளும் விமானியின் சம்பளமும் செலவாகாமல் இல்லை. ஒரு பயணத்தின் பெயரில் அவை எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

மன்மோகன் சிங்கோடு ஒப்பிடலாமா?

2025 பதிலில் அரசே பழைய பயணங்களையும் எடுத்துப் போட்டிருந்தது. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் அமெரிக்கா போனதற்கு 10 கோடியே 74 லட்சம். மோடிக்கு 22 கோடியே 89 லட்சம். பார்த்தவுடனே இரண்டு மடங்குக்கு மேல என்று தோணும். ஆனால் 2011 செப்டம்பரில் ஒரு டாலர் சுமார் 48 ரூபாய், 2023 ஜூனில் சுமார் 82. டாலருக்கு மாற்றினால் முந்தையது ஏறக்குறைய 22 லட்சம் டாலர், பிந்தையது 28 லட்சம். வித்தியாசம் இருக்கு, ஆனால் இரண்டு மடங்கு இல்லை. ஹோட்டல்காரருக்கு டாலரில்தானே கொடுக்கணும்?

நாட்டுக்கு நாடும் மாறும். 2022 மே மாதம் நேபாளம் போய்வர 80 லட்சம். 2024 ஆகஸ்டில் போலந்து எல்லையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் போன உக்ரைன் பயணத்துக்கு 2.52 கோடி. அதனால் சராசரி போட்டுப் பேசுவதில் பெரிசா அர்த்தம் இல்லை.

விமானத்தில் கூட யார் போனார்கள்?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் இதற்குத்தான் பதில் கிடைப்பது கஷ்டம். பிரதமர்களின் சிறப்பு விமானங்கள் பற்றிய பதிவேடுகளைக் கேட்டு ஆர்.டி.ஐ. மனு போட்டார் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர். மன்மோகன் சிங், மோடி இருவரின் பயணங்களையும் சேர்த்தே அவர் கேட்டார். கொடுங்கள் என்று 2020-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று விமானப்படை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த உத்தரவுக்குத் தடை விழுந்தது.