மயிலாப்பூர் ஃபண்ட் பெயரில் ‘பெர்மனென்ட்’ எதற்கு?

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஃபண்ட் சரி, அதென்ன ‘பெர்மனென்ட்’?

அந்தச் சொல் இங்கிலாந்தின் பில்டிங் சொசைட்டிகளிலிருந்து வந்தது. அறியப்பட்ட முதல் சொசைட்டி 1775-இல் பர்மிங்காமில் உருவானது. உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் போடுவார்கள். சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டுவார்கள். கடைசி ஆளுக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும். கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டு மாதிரிதான். 1840-களில்தான் கலையாமல் தொடரும் ‘பெர்மனென்ட்’ சங்கங்கள் வந்தன.

சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய ‘நிதி’களும் இதே வழியில் வளர்ந்தன.

இன்றைய விதி என்ன?

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 406-வது பிரிவும், 2014-ஆம் ஆண்டு நிதி விதிகளும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. உறுப்பினரிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், உறுப்பினருக்கு மட்டுமே கடன் தரலாம். அதுவும் நகை, வீடு போன்ற ஈட்டின் பேரில்தான். சீட்டு நடத்தக் கூடாது. டெபாசிட் கேட்டு விளம்பரமும் செய்யக் கூடாது.

அப்போ பணம் பத்திரமா?

அன்று உறுப்பினர் என்றால் பெரும்பாலும் தெரிந்த முகம். இன்று 100 ரூபாய்க்குப் பங்கு வாங்கினாலே நீங்கள் உறுப்பினர். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதியில் போடும் பணத்துக்கு அது கிடையாது.

எனவே வட்டி எவ்வளவு என்று கேட்கும் முன், மத்திய அரசு அதை ‘நிதி’ என்று அறிவித்திருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரம் பார்த்துத்தான் வந்தீர்கள் என்றால், விதி அங்கேயே மீறப்பட்டுவிட்டது.