நிழலின் மேல் ஏறும் வெளிச்சம்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைச் சரிவு. காலைப் பனிமூட்டம் கலையும் நேரம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கீழிருந்து, சூரியனைப் பார்த்தபடி எடுத்தேன். பிரிண்ட்டில் பனி அழகாக விழுந்திருந்தது. முகங்கள் வெறும் சாம்பல். வாங்கிப் பார்த்த அக்கா கேட்டார்: "இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?"

'அழகியல்' என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

லென்ஸின் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. பூச்சில்லாத கண்ணாடியில் இது சுமார் 4 சதவீதம். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு இதை வெகுவாகக் குறைத்தது; ஒழித்துவிடவில்லை. மிச்சம் உள்ளுக்குள் அலைந்து ஃபிலிம் முழுக்க ஏறக்குறைய சமமாகப் படர்கிறது. கோளாறு இந்தச் 'சமத்தில்'தான். பனியிலிருந்து 100 பங்கும், நிழலிலுள்ள முகத்திலிருந்து 2 பங்கும் வெளிச்சம் வருவதாக வைத்துக்கொள்வோம். சிதறல் 2 பங்கு. பனி 102 ஆகும், ஒன்றும் தெரியாது. முகம் 4 ஆகும்: பாதி அவருடையது, பாதி பனியுடையது. எல்லோர் மேலும் ஒரே அளவில் விதிக்கிற வரி யாரை அடிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. கேமராவைப் பாரபட்சமற்ற சாட்சி என்று நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

செய்ய வேண்டியவை எளியவை. முன்கண்ணாடியில் நேர்வெயில் படக்கூடாது. அந்த லென்ஸுக்குரிய ஹூடைப் போடுங்கள். இல்லையா, உள்ளங்கையோ தோழரின் நோட்டீஸ் கட்டோ போதும். அதன் நிழல் லென்ஸ் மேல் விழணும், ஓரம் படத்துக்குள் வரக்கூடாது. வெளுத்த வானம் சட்டகத்துக்குள்ளேயே இருந்தால் ஹூட் உதவாது. நாலடி நகர்ந்து, செடியையோ ஷெட் சுவரையோ பின்னணியாக்குங்கள். யுவி ஃபில்டர் மேலும் இரண்டு பரப்புகளைக் கூட்டும்; எதிர்வெயிலில் கழற்றிவிடுங்கள். விரல்ரேகையும் மலை ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சையும் சிதறலை வளர்க்கும். பழைய கேமராவின் பின்மூடி ஸ்பாஞ்ச் பிசுபிசுத்து உதிர்ந்தால் மாற்றுங்கள். அந்த இடுக்கு வழியே வெளிச்சம் கீற்றாக நுழையும். ஃபிலிமை நிழலில் நின்று போடுங்கள்.

இந்த மலைக்கு இது புதுப் பாடமல்ல. உதகையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில், வெளிச்சம் படாமல் காப்பதையே வேலையாகக் கொண்டு தொழிலாளர்கள் இருட்டில் உழைத்தார்கள். 'இந்து' ஃபிலிம் அங்கிருந்துதான் வந்தது. ஆலை இன்று மூடிக்கிடக்கிறது.

டார்க் ரூமில் அழுத்தமான ரகத் தாளில் பிரிண்ட் போட்டால் வேறுபாடு கொஞ்சம் கூடும். ஆனால் முகத்தில் கலந்துவிட்ட பனியைப் பிரித்தெடுக்க முடியாது. எடுக்கும்போதே கையைத் தூக்கி மறைத்திருக்க வேண்டும். அக்காவுக்கு நான் இன்னொரு படம் பாக்கி.