வீட்டுப் புதுப்பிப்புத் தொழிலின் கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீட்டைத் தாமே கட்டுவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமாகிய வீவக கட்டித் தருகிறது. ஆனாலும், சாவி கைக்கு வந்தபின் தொடங்கும் புதுப்பிப்புப் பணியின்போது அந்தப் பழமொழி பலருக்கும் நினைவுக்கு வந்துவிடுகிறது. அது வீட்டுக்காரர் படும் பாட்டைச் சொல்கிறது. அந்த வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரின் பாடு வேறு. நல்ல கைத்திறன் இருந்தும் தொழிலை இழந்தவர்கள் உண்டு. நிறைய வேலைகள் கிடைத்த காலத்திலேயே நொடித்துப் போனவர்களும் உண்டு. வேலை நிறைய இருக்கும்போது தொழில் எப்படி நொடிக்கும்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் குத்தகையாளர் செய்யும் வேலையைப் பார்ப்போம்.

குத்தகையாளர் பெரும்பாலும் சுத்தியலைக் கையில் எடுப்பதில்லை. கொத்தனார், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர், தச்சர், சாயம் பூசுபவர் என்று பலரையும் உரிய நேரத்தில் உரிய வரிசையில் ஒரு வீட்டுக்குள் கொண்டுவருவதே அவருடைய வேலை. முதலில் பழைய ஓடுகளைப் பெயர்த்து இடிபாடுகளை அகற்றுவார்கள். அடுத்து, சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் பொருத்தப்படும். குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் படலம் பூசி, அதன்மேல் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுவைப்பார்கள். கசிவு இல்லையென்று உறுதியான பின்னரே ஓடு பதிக்கப்படும். அடுக்குமாடி வீட்டில் ஒருவரின் தரை இன்னொருவரின் கூரை அல்லவா! இந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிட்டால் கீழ்வீட்டாரின் கூரையில்தான் ஈரம் தெரியும்.

ஓடு பதித்து முடிந்த பிறகே தச்சர் வந்து சமையலறை அலமாரிகளுக்கு இறுதி அளவு எடுக்க வேண்டும். காரையும் ஓடும் சேர்ந்து சுவரைச் சில சென்டிமீட்டர் முன்னே தள்ளிவிடும். முன்னதாக அளந்து, சுங்கை காடுட்டில் உள்ள பட்டறையில் செய்து கொண்டுவந்த அலமாரி வாசல்வரை வந்தும் உள்ளே பொருந்தாமல் நிற்கும். அதைத் திருப்பி அனுப்பினால், தச்சருக்காகக் காத்திருக்கும் மின்பணியாளரும் சாயம் பூசுபவரும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் தவறு இரண்டு வாரத் தாமதமாகிவிடும்.

விதிமுறைகளும் உண்டு. வீவக வீடுகளில் பணி செய்யும் குத்தகையாளர், கழகத்தின் பட்டியலில் இடம்பெற்றவராக இருக்க வேண்டும். பொதுவான பணிகளைத் திங்கள் முதல் சனிவரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிவரை செய்யலாம். சுவரை இடித்தல், ஓடுகளைப் பெயர்த்தல் போன்ற இரைச்சல் மிகுந்த பணிகளை வார நாள்களில் மட்டும், மாலை 5 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். புதிய கட்டடத்தில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்க அனுமதி கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் காப்பறையின் சுவரை இடிக்கவோ அதன் கதவை மாற்றவோ கூடாது. வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நிலைக்கிறார்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு நான்கறை வீட்டைப் புதுப்பிக்கப் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு மீதம் வேண்டும் என்று நினைக்கும் புதிய குத்தகையாளர், 30,000 வெள்ளியோடு அதன் 20 விழுக்காட்டைக் கூட்டி 36,000 வெள்ளி என்று விலைப்பட்டியல் தருவார். கையில் நிற்பது 6,000 வெள்ளி. ஆனால், 36,000 வெள்ளியில் 6,000 வெள்ளி என்பது 20 விழுக்காடு அன்று. 17 விழுக்காட்டுக்கும் குறைவு. வாங்கும் தொகையில் 20 விழுக்காடு மிஞ்ச வேண்டுமானால் 30,000 வெள்ளியை 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை 37,500 வெள்ளி. இந்த வேறுபாடு வெறும் 1,500 வெள்ளிதானே என்று தோன்றலாம்.

குத்தகையாளருக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் சில செலவுகள் உண்டு. கடை வாடகை, வேன், கணக்கரின் சம்பளம், காப்புறுதி, வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருந்தால் அவர்களுக்கான தீர்வை ஆகியவை அவற்றுள் சில. இவையெல்லாம் மாதம் 10,500 வெள்ளி என்றும், அவர் மாதம் இரண்டு வீடுகளை முடிக்கிறார் என்றும் கொள்வோம். 36,000 வெள்ளி விலையில் இரண்டு வீடுகளிலிருந்து 12,000 வெள்ளி மிஞ்சும். செலவு போக 1,500 வெள்ளிதான் இலாபம். 37,500 வெள்ளி விலையிலோ 15,000 வெள்ளி மிஞ்சும். இலாபம் 4,500 வெள்ளி, அதாவது மும்மடங்கு. முதல் கணக்கைப் பின்பற்றுபவர் ஒரு குளியலறையை மறுபடியும் செய்து தர நேர்ந்தால் அந்த மாத இலாபம் கரைந்துவிடும்.

குறைந்த விலை கேட்பவரிடம் வாடிக்கையாளர்கள் வந்து குவிவது இயல்பு. அவருடைய வங்கிக் கணக்கும் பார்ப்பதற்கு நிறைந்தே இருக்கும். இந்தத் தொழிலின் கண்ணி அங்கேதான் இருக்கிறது.

புதுப்பிப்புப் பணியில் பணம் தவணைகளாக வரும். எடுத்துக்காட்டாக, 37,500 வெள்ளி வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, பணி தொடங்கும்போது 30 விழுக்காடு, ஓடு பதித்தபின் 35 விழுக்காடு, அலமாரிகள் பொருத்தியபின் 20 விழுக்காடு, குறைகளைச் சரிசெய்து ஒப்படைத்தபின் 5 விழுக்காடு என்று பிரித்துக்கொள்ளலாம். இதன்படி, ஓர் ஓடுகூடப் பதிக்கும் முன்பே 15,000 வெள்ளி குத்தகையாளரின் கைக்கு வந்துவிடுகிறது. அது அவர் சம்பாதித்த பணமா? இல்லை. இன்னும் வாங்காத ஓட்டுக்கும், இன்னும் வராத கொத்தனாருக்கும் உரிய பணம் அது.

இதை மறந்தவர் அந்தப் பணத்தில் புதிய வேன் வாங்குவார், கடையை விரிவுபடுத்துவார். ஓட்டுக் கடைக்காரர் பணம் கேட்கும்போது, இரண்டாவது வீட்டுக்காரர் தந்த முன்பணத்தை எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது வீட்டு வேலைக்கு மூன்றாவது வீட்டின் முன்பணம் தேவைப்படும். புதிய வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருக்கும்வரை சக்கரம் சுழலும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தொழில் செழிக்கிறது என்றே நினைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விலை குறைவாகப் போட்டதால் விழுந்த பள்ளத்தை அடுத்த வீட்டின் முன்பணம் மூடி மறைத்துவிடும். ஏதோ ஒரு மாதம் புதிய வேலை வராது. அன்று தச்சருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. பெயர்த்துப்போட்ட தரையோடு நான்கைந்து வீடுகள் அப்படியே நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்களில் பலர் திருமணத்திற்காகச் சேமித்த இளம் தம்பதியர். இரண்டாவது குத்தகையாளருக்குக் கொடுக்க அவர்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது. கூலி கிடைக்காத ஊழியர்களின் குடும்பங்கள் எங்கோ தொலைவில் மாதப் பணத்துக்குக் காத்திருக்கும்.

ஆகவே, தொழில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்கணக்கு எழுதுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து வந்தது எவ்வளவு, அந்த வீட்டுக்குச் செலவானது எவ்வளவு, இனிச் செலவாக வேண்டியது எவ்வளவு என்று வாரந்தோறும் பார்க்கிறார்கள். முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எளிய முறைதான், ஆனால், கையில் பணம் இருக்கும்போது அதைத் தொடாமல் இருப்பது எளிதன்று. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' சான்று பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், வாடிக்கையாளர் முன்னதாகச் செலுத்தும் பணத்துக்குக் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதப் பத்திரத்தை வாங்கித் தர வேண்டும். நிறுவனம் பாதியில் மூடப்பட்டால் அந்தப் பத்திரம் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பாக இருக்கும். பத்திரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதால் அத்தகைய நிறுவனத்தின் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அந்தக் கூடுதல் தொகை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாய்மொழியாகச் சேரும் வேலைகளாலும் பணம் கரையும். "தம்பி, அந்த மூலையில் இன்னொரு விளக்கு போட்டுவிடுங்களேன்" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். "சரிங்க அக்கா" என்று சொல்வது எளிது. பணி முடிந்து 280 வெள்ளி கூடுதலாகக் கேட்டால், "அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையே" என்பார். இருவர்மீதும் தவறில்லை, விலையை யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். கூடுதல் வேலை என்ன, விலை எவ்வளவு, எத்தனை நாள் அதிகமாகும் என்று அன்றே எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது. கைப்பேசியில் அனுப்பிப் பதில் பெற்ற செய்திகூடப் பின்னர் உதவும். அப்படியும் தகராறு முற்றினால், 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை அந்த மன்றம் விசாரிக்கும். அங்கேயும் முதலில் தேடப்படுவது எழுத்து வடிவிலான சான்றே.

ஒப்படைக்கும் நாளில் குத்தகையாளரும் வீட்டுக்காரரும் அறை அறையாக நடந்து பார்ப்பார்கள். ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். அடியில் காரை சரியாகப் பரவாத ஓடு வெற்றுச் சத்தம் எழுப்பும். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, தொட்டியின் அடியில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ட குறைகளைப் பட்டியலிட்டு, அவை சரிசெய்யப்பட்ட பிறகே கடைசி 5 விழுக்காடான 1,875 வெள்ளியைத் தருவது முறை. சிறு தொகைதான், ஆனால், மேலே பார்த்த கணக்கில் ஒரு வீட்டின் இலாபம் 2,250 வெள்ளி. அதில் பெரும்பகுதி இந்தக் கடைசித் தவணையில்தான் வந்து சேருகிறது.