காவலர் சகோதரத்துவச் சங்க லாட்ஜ்

காவலர் சகோதரத்துவச் சங்க லாட்ஜ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் பிராட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ் என்று அழைக்கப்படும் காவலர் அமைப்பின் அடிப்படைக் கிளை ஆகும். ஒரு நகரத்தையோ கவுண்டியையோ சேர்ந்த காவலர்கள் சந்தா செலுத்தித் தமக்குள் நடத்திக்கொள்ளும் சங்கம் இது. பல மாநிலங்களில் இதுவே ஊதியம், பணிநேரம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைக் குறித்து நகர நிர்வாகத்துடன் பேரம் பேசும் தொழிற்சங்கமாகவும் விளங்குகின்றது. சங்கத்தின் சொந்தக் கணக்குப்படி நாடு முழுவதும் 2,100 இற்கும் மேற்பட்ட லாட்ஜுகளும் 3,70,000 இற்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் உள்ளனர். தலைமையகம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அமைந்துள்ளது. சட்டமியற்றும் பணிகளைக் கவனிக்கும் அலுவலகம் வாசிங்டனில் உள்ளது.

பெயர்

தமிழ்நாட்டில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள தங்கும் விடுதியே நினைவுக்கு வரும். இங்குப் பொருள் வேறு. பிரீமேசன்கள் போன்ற சகோதரத்துவக் கழகங்கள் தம் கிளையை லாட்ஜ் என்று அழைத்தன. ஒருவர் நோயுற்றால் மற்றவர் உதவுவது, இறந்தால் அடக்கச் செலவை ஏற்பது, குடும்பத்துக்குச் சிறு தொகை அளிப்பது ஆகியவை அக்கழகங்களின் வேலை. காவலர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சங்கம் என்ற சொல்லைக் காவலர் ஒருவர் வாயெடுத்துச் சொன்னால் வேலை போகும் நிலை இருந்தது. லாட்ஜ் என்ற சொல் அத்தகைய அச்சத்தை மேலதிகாரிகளிடம் எழுப்பவில்லை.

தோற்றம்

1915 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் பிட்சுபர்க் நகரக் காவலர்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டின் 365 நாட்களும் பணியாற்றினர். மார்ட்டின் டூல், டெல்பர்ட் நேகல் என்னும் இரு சுற்றுக்காவலர்கள் தம் சகாக்களைத் திரட்டினர். அவ்வாண்டு மே 14 அன்று 23 பேர் கூடி அமைத்ததே போர்ட் பிட் லாட்ஜ் எண் 1 ஆகும். இரண்டு ஆண்டுகளில் பிற நகரங்களிலும் லாட்ஜுகள் அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது.

இத்தகைய எச்சரிக்கையான அணுகுமுறை எவ்வளவு பயன் தந்தது என்பது 1919 இல் தெரிந்தது. பாஸ்டன் நகரக் காவலர்கள் வெளிப்படையாக அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்து, செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நகரில் கொள்ளையும் கலவரமும் மூண்டன. வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களில் ஒருவரும் மீண்டும் பணியில் சேர்க்கப்படவில்லை. அன்றைய ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் இதனால் பெற்ற புகழ் பின்னர் அவரைக் குடியரசுத் தலைவர் பதவி வரை கொண்டு சென்றது. அதன் பின்பு பல பத்தாண்டுகள் வரை காவலர் தொழிற்சங்க முயற்சிகள் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தன. சகோதரத்துவக் கழகம் என்ற பெயரில் இயங்கிய லாட்ஜுகள் மட்டும் தொடர்ந்து வளர்ந்தன.

பேரம் பேசும் உரிமை

அமெரிக்காவில் காவலர்களின் கூட்டுப்பேர உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். பென்சில்வேனியா 1968 இல் நிறைவேற்றிய 111 ஆம் எண் சட்டம் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் பேரம் பேசும் உரிமையை அளித்தது. பேச்சு முறிந்தால் மூவர் கொண்ட நடுவர் குழு தீர்ப்பளிக்கும். காவலர் தரப்பு ஒருவரையும் நகர நிர்வாகம் ஒருவரையும் நியமிக்க, அவ்விருவரும் மூன்றாமவரைத் தேர்வர். தாம் நியமித்த நடுவருக்கான ஊதியத்தை மட்டும் காவலர்கள் கொடுத்தால் போதும். மற்ற இருவரின் ஊதியமும் குழுவின் செலவும் நகர நிர்வாகத்தைச் சேரும். சிறிய லாட்ஜுக்கு இது பெரிய ஆறுதல்.

மாறாக, வட கரோலினாவில் அரசு ஊழியர் சங்கங்களுடன் ஒப்பந்தம் செய்வதை 1959 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. அங்கும் லாட்ஜுகள் உண்டு. ஒப்பந்தம் போட முடியாத லாட்ஜ் உறுப்பினரைத் தக்கவைப்பது சேவைகளால் மட்டுமே. ஆகவே சட்ட உதவி, காப்பீடு, நலநிதி ஆகியவற்றின் முக்கியத்துவம் அங்கே இன்னும் கூடுதலாகும்.

நிர்வாகம்

உள்ளூர் லாட்ஜ், மாநில லாட்ஜ், தேசிய அளவிலான பெருலாட்ஜ் என மூன்று படிகள் உள்ளன. உள்ளூர் லாட்ஜுக்குத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், அவைக்காவலர், சாப்ளின் எனப்படும் சமயப் பணியாளர், அறங்காவலர்கள் ஆகியோரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். பெரிய நகரங்களில் தலைவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு முழுநேரமும் சங்க வேலையைக் கவனிப்பார். சிறிய ஊர்களில் இரவுச் சுற்றுக்காவல் முடித்து வந்தவரே காலையில் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் லாட்ஜின் நலம் பெரும்பாலும் பொருளாளரைச் சார்ந்தே அமைகின்றது. காசோலைக்கு இருவர் கையொப்பம், மாதந்தோறும் வங்கி அறிக்கையை வேறொருவர் ஒப்பிட்டுப் பார்த்தல், ஆண்டுக்கொரு முறை அறங்காவலர் தணிக்கை, பணத்தைக் கையாள்வோர் மீது பிணைக்காப்பீடு ஆகியவை வழக்கமான பாதுகாப்புகள். சக காவலரைச் சந்தேகிப்பதா என்ற கூச்சத்தால் இவை கைவிடப்படும் இடங்களில்தான் கையாடல் நிகழ்கின்றது. லாட்ஜ் பொருளாளர்கள் சந்தாப் பணத்தைத் தம் சொந்தச் செலவுக்கு எடுத்து, தம் துறையினராலேயே கைது செய்யப்பட்ட வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் பலமுறை வந்துள்ளன. 1959 ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் வெளிப்படுத்தல் சட்டம் மாநில, உள்ளூர் அரசு ஊழியர்களை மட்டும் கொண்ட சங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதும், வருமானவரித் துறைக்கு அளிக்கும் 990 ஆம் எண் படிவமுமே பல லாட்ஜுகளில் முக்கியமான கண்காணிப்பாக உள்ளன. அப்படிவம் பொதுமக்களும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஆவணம் ஆகும்.

சந்தாவும் செலவும்

சந்தா பெரும்பாலும் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்யப்பட்டு லாட்ஜின் கணக்கில் சேர்கின்றது. இதில் ஒரு பகுதியைத் தலைவீதப் பங்காக மாநில லாட்ஜுக்கும் பெருலாட்ஜுக்கும் அனுப்பவேண்டும். உறுப்பினர் எண்ணிக்கைப் பட்டியலைச் செயலாளர் சரியாக வைத்திராவிட்டால், ஓய்வுபெற்றுப் போனவர்களுக்கும் சேர்த்துப் பங்கு கட்ட நேரிடும்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை லாட்ஜை எடுத்துக்கொள்வோம். 200 உறுப்பினர்கள், மாதம் 40 டாலர் சந்தா எனில் ஆண்டு வருவாய் 96,000 டாலர். தலைவீதப் பங்கு, அலுவலக வாடகை, ஒப்பந்தப் பேச்சுக்கான வழக்கறிஞர் ஆகியவற்றுக்கு 60,000 செலவாகிறது என்று கொண்டால் எஞ்சுவது 36,000. பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவருக்காக நடுவர் மன்றம் செல்ல 15,000 ஆகுமானால், ஓராண்டில் இரண்டு வழக்குகளைத் தாங்கலாம். மூன்றாவதைத் தாங்க முடியாது. மூன்றாமவரும் அதே சந்தாவைத்தான் கட்டியிருப்பார். அவருடைய வழக்கு வலுவானதாகவும் இருக்கலாம். எந்த வழக்கை நடத்துவது, எதைக் கைவிடுவது என்று நிர்வாகக்குழு வாக்களிக்கும் இரவுகளே லாட்ஜ் வாழ்வில் மிகக் கடினமானவை எனலாம்.

சட்டப் பாதுகாப்பு

இந்தச் சிக்கலுக்கு விடையாகவே கூட்டுச் சட்டப் பாதுகாப்புத் திட்டங்கள் தோன்றின. பெருலாட்ஜ் நடத்தும் சட்டத் திட்டத்தில் லாட்ஜுகள் உறுப்பினர் வீதம் ஒரு தொகை செலுத்துகின்றன. ஒழுங்கு விசாரணை, உரிமையியல் வழக்கு, குற்ற வழக்கு என எவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். திடீரென வரும் பெருஞ்செலவு இவ்வாறு ஆண்டுதோறும் வரும் சிறுசெலவாகிவிடுகின்றது.

காவலர் ஒருவர் துப்பாக்கியால் சுட நேர்ந்தால் லாட்ஜின் பிரதிநிதி நள்ளிரவானாலும் அவ்விடம் செல்வார். அவர் முதலில் நினைவூட்டுவது 1967 ஆம் ஆண்டின் காரிட்டி எதிர் நியூ செர்சி தீர்ப்பை ஆகும். வேலை போகும் என்று அச்சுறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் அக்காவலருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. அதாவது, துறை விசாரணைக்குக் காவலர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அப்பதில் குற்ற வழக்கிற்குள் செல்லாது. பணியில் புதிதாகச் சேர்ந்தோர் இவ்வேறுபாட்டை அறியாமல் தவறான இடத்தில் பேசுவதும் தவறான இடத்தில் மௌனம் காப்பதும் உண்டு.

பிற சேவைகள்

பணியின்போது இறந்த காவலர்களின் குடும்பத்துக்கு உதவுவது லாட்ஜின் பழைய கடமை. 1976 இல் கூட்டாட்சி அரசு இத்தகைய குடும்பங்களுக்கு 50,000 டாலர் உதவித்தொகை வழங்கும் சட்டத்தை இயற்றியது. தொகை பின்னர் பலமடங்கு உயர்த்தப்பட்டது. எனினும் அரசுப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அடக்கச் செலவு, அம்மாதத்து வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு முதல் வாரத்திலேயே காசோலையுடன் வாசலில் நிற்கக்கூடியது லாட்ஜ்தான். விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தருவதும் அதன் வேலையே. 1982 முதல் ஆண்டுதோறும் மே 15 அன்று வாசிங்டனில் நடைபெறும் நினைவு நிகழ்வைச் சங்கமும், உறுப்பினர் குடும்பத்தாரின் துணை அமைப்பும் நடத்தி வருகின்றன.

தற்கொலையும் மன உளைச்சலும் நெடுங்காலம் பேசப்படாத பொருளாக இருந்தன. மேலதிகாரியிடம் சொன்னால் துப்பாக்கியைப் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சமே காரணம். இப்போது பல லாட்ஜுகள் பயிற்சி பெற்ற சக காவலர்களைக் கொண்டு உதவிக் குழுக்களை நடத்துகின்றன. பணி தொடர்பான மன அதிர்ச்சியால் தற்கொலை செய்துகொண்டோரின் குடும்பத்தையும் அரசு உதவித்தொகைக்கு உட்படுத்தும் சட்டம் 2022 ஆகஸ்டில் நிறைவேறியது.

நன்கொடையும் தொலைபேசி வசூலும்

சந்தாவுக்கு வெளியே கூட்ட அரங்கு வாடகை, பிங்கோ, குலுக்கல், குழிப்பந்தாட்டப் போட்டி, மீன் விருந்து எனப் பல வழிகளில் பணம் திரட்டப்படுகின்றது. பென்சில்வேனியாவில் லாட்ஜுகள் தமக்கென மதுக்கூடமும் நடத்துவதுண்டு. பல லாட்ஜுகள் வரிச்சட்டத் தொகுப்பின் 501(சி)(8) பிரிவின் கீழ் சகோதரத்துவக் கழகங்களாகவும், சில 501(சி)(5) பிரிவின் கீழ் தொழிற்சங்கங்களாகவும் வரிவிலக்குப் பெற்றுள்ளன. லாட்ஜின் பொதுநிதிக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கொடையாளர் தம் வருமானவரியில் கழிவு கோர முடியாது. அதற்காகவே 501(சி)(3) பிரிவின் கீழ் தனி அறக்கட்டளை அமைக்கின்றனர். இரண்டின் கணக்கும் கலந்துவிட்டால் இரண்டுக்குமே ஆபத்து.

மிகுந்த கெட்டபெயரைத் தேடித்தந்தது தொலைபேசி வசூல் ஆகும். காவலர் நலனுக்கு என்று வீட்டுக்கு வரும் அழைப்பைப் பெரும்பாலும் பேசுபவர் காவலர் அல்லர். கூலிக்கு அமர்த்தப்பட்ட நிறுவனத்தின் பணியாளர். வசூலில் பெரும்பகுதி அந்நிறுவனத்துக்கே போகக்கூடும். இதற்கு உச்சவரம்பு விதிக்க மாநிலங்கள் முயன்றபோது, அது பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1988 இல் ரைலி வழக்கில் தடுத்தது. வியட்நாம் போர் வீரர்களுக்காகத் திரட்டிய பணத்தில் 85 விழுக்காட்டை நிறுவனமே வைத்துக்கொண்ட வழக்கில், கொடையாளரிடம் பொய் சொல்லியிருந்தால் மோசடியாகக் கருதி வழக்குத் தொடரலாம் என்று 2003 இல் அதே நீதிமன்றம் கூறியது. அழைப்பவர் காவலரோ எனக் கொடையாளர் அஞ்சுவதே வசூலுக்கு உதவுகின்றது என்பதால், இவ்வழியை அறவே தவிர்க்கும் லாட்ஜுகளும் உள்ளன. அவை செய்வது சரியென்றே தோன்றுகின்றது.

ஜேனஸ் தீர்ப்பு

1977 இன் அபூட் தீர்ப்புப்படி, உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடமும் பேரச் செலவுக்கான பங்கைச் சங்கம் வசூலிக்க வழி இருந்தது. 2018 சூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் 5–4 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆனால் ஒப்பந்தத்தின் பயன் அனைவருக்கும் உண்டு. பேரம் பேசும் லாட்ஜ் உறுப்பினர் அல்லாதாரையும் நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யவேண்டும் என்ற கடமையும் நீடிக்கின்றது. ஒருவர் சந்தா கட்டாமலே ஊதிய உயர்வைப் பெறலாம். எனவே உறுப்பினருக்கு மட்டுமே உரிய சட்டத் திட்டமும் நலநிதியும் லாட்ஜின் உயிர்நாடியாகிவிட்டன.

விமர்சனம்

உறுப்பினரைக் காப்பது பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் கடமையுடன் மோதுகின்றது என்பதே லாட்ஜுகள் மீதான முதன்மையான குற்றச்சாட்டு. காவலருக்கு விசாரணையில் தனி உரிமைகள் அளிக்கும் சட்டத்தை 1974 இல் முதலில் இயற்றிய மேரிலாந்து, 2020 இல் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களுக்குப் பின், 2021 இல் அதை நீக்கியது. சங்கத்தின் தரப்போ, குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் கிடைக்கவேண்டிய முறையான விசாரணையையே தாம் கோருவதாகக் கூறுகின்றது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. எங்கே கோடு கிழிப்பது என்பதே சிக்கல்.

சிகாகோவின் 7 ஆம் எண் லாட்ஜ் செய்திருந்த ஒப்பந்தத்தில், காவலர் மீதான பழைய புகார்க் கோப்புகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நகர நிர்வாகம் அவற்றை அழிக்காமல் வைத்திருந்ததால் லாட்ஜ் நடுவரிடம் சென்று வென்றது. ஆனால் பொது ஆவணங்களைப் பாதுகாக்கும் மாநிலச் சட்டத்தை மீறும் தீர்ப்பைச் செயற்படுத்த முடியாது என்று இலினோய் உச்ச நீதிமன்றம் 2020 சூன் 18 அன்று கூறியது. கோப்புகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.