பாஸ்வேர்ட் மட்டும் ஏன் மறக்கிறது, தெரியுமா?

கம்போங் மேடானில் யாரையாவது நடுராத்திரி தட்டி எழுப்பி ஐ.சி. நம்பர் கேட்டுப் பாருங்கள். 12 இலக்கத்தையும் கண்ணைத் திறக்காமலே ஒப்பிப்பார்! அதே ஆள், போன வாரம் மாற்றிய பேங்க் பாஸ்வேர்டுக்குத் தலையைச் சொறிவார். என்ன மாயம் இது?

மாயமே இல்லை. ஐ.சி.யில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்று பார்த்திருப்பீர்கள். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, உருப்போட வேண்டியது நாலே நாலு!

பாஸ்வேர்டில் அப்படி எதுவும் பிடி கிடைக்காது. பெரிய எழுத்து போடு, எண் போடு, குறி போடு என்று படுத்துகிறார்களே, அதற்கு வழிகாட்டி எழுதியவர் யார் தெரியுமா? பில் பர். அமெரிக்காவின் 'நிஸ்ட்' தரநிலை நிறுவனத்துக்காக 2003-இல் எழுதினார். 2017-இல் அவரே அதற்காக வருத்தப்பட்டார்! அதே ஆண்டு, நீளமாக இருந்தால் போதும் என்று நிஸ்டும் இறங்கி வந்தது. நம் தலைவலிக்கு யார் பதில் சொல்வது?

பாஸ்வேர்ட் திருட்டு இன்று நேற்று வந்ததா? 1962-இலேயே எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கூடுதல் நேரம் கணினியில் உட்கார ஆசைப்பட்டு, எல்லாருடைய பாஸ்வேர்டையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார்!

பாஸ்வேர்ட் மறக்கிறதே என்று மனித மூளையைக் குறை சொல்லாதீர்கள். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தவர். பல விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்து நினைவில் வைக்கும் அவதானம் என்றால் சும்மாவா? அவதானம் செய்பவரின் முதுகில் ஒருவர் நெல்லைப் போட்டுக்கொண்டே இருப்பார், இன்னொருவர் மணியடிப்பார், மற்றொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், நடுவே ஒருவர் கணக்குப் போடுவார். எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை பிசகாமல் விடை சொல்ல வேண்டும். 2015-இல் வேலூர் வி.ஐ.டி.யில் ராஜ்வீர் மீனா கண்ணைக் கட்டிக்கொண்டு பை எண்ணின் 70,000 இலக்கங்களை ஒப்பித்தார். ஏறக்குறைய 10 மணி நேரம்!

விரலுக்கும் ஞாபகம் உண்டு, தெரியுமா? ஏ.டி.எம். பின் நம்பரை வாயால் சொல்லத் திணறுபவர்கூட, மெஷின் முன்னால் நின்றால் டக்கென்று தட்டிவிடுவார். கால்குலேட்டரில் அதே நம்பரை வேகமாக அடித்துப் பாருங்கள், விரல் தடுமாறும்: ஏ.டி.எம்.மில் 1, 2, 3 மேல் வரிசை. கால்குலேட்டரிலோ 7, 8, 9!