மூட்டையை எங்கே வைப்பது?

தேனி பேருந்து நிலையத்தில் படுத்துறங்குபவரின் தலைமாட்டில் ஒரு துணிப்பை இருக்கும். மாற்றுத்துணி, போர்வை, பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டை. பை தொலைந்தால் அட்டையும் போச்சு. வீடற்றோருக்குக் கல்வி, திறன் பயிற்சி என்று பேசுகிறவர்கள் அந்தப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திட்டத்துக்குக் குறைவில்லை. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022-ல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 1,037.90 கோடி ரூபாய். தன்னார்வலர்கள் சொல்லித் தருவார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் தேர்வு நடக்கும். ஆனால் கற்போரைத் தேடுவது பள்ளியை மையமாக வைத்து, வீடு வீடாக. கதவே இல்லாதவரை யார் தட்டுவது?

தொழிற்பயிற்சிக்கு ஆதார் கேட்பார்கள், வங்கிக் கணக்கு கேட்பார்கள். முகவரிச் சான்று இல்லாதவர், அங்கீகாரம் பெற்ற காப்பகப் பொறுப்பாளரின் சான்றோடு ஆதார் எடுக்கலாம். பகலில் பையை நம்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போகவும் காப்பகம்தான் இடம். தையலோ வயரிங்கோ, பயிற்சிக்கு முதல் படி அங்கேதான் இருக்கிறது.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. இரவுக் காப்பகம், திறன் பயிற்சி இரண்டும் அதன் பிரிவுகள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம் என்பது அதன் அளவுகோல். தேனி அல்லிநகரம் நகராட்சியின் 2011 மக்கள்தொகை 94,453; ஏறக்குறைய எட்டிவிட்டது. ஏலத்தோட்டக் கூலிக்கு ஆட்கள் மலையேறும் போடிக்கும் கம்பத்துக்கும் அந்த லட்சம் ரொம்ப தூரம். தலைக்கணக்கு பார்த்து இடம் ஒதுக்கினால் சின்ன ஊர்கள் விடுபடத்தான் செய்யும். அந்த இயக்கமும் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரள எழுத்தறிவு இயக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க 2017-ல் ‘சங்ஙாதி’ திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கியது. ஊர்விட்டு வந்தவரைத் தேடிப்போய்ப் பாடம் சொன்னார்கள்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் உல்லாஸ் செயலியில் தன்னார்வலராகப் பதியும் தேனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பைப் பகலில், பள்ளியில் மட்டும் வைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஓய்ந்தபின் அரை மணி நேரம் உட்காருங்கள். பையை அவர்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.