பாதங்களால் பறக்கும் விமானி

இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்தவர் தனியாக விமானம் ஓட்ட முடியுமா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1983-இல் பிறந்த ஜெசிகா காக்ஸ் ஓட்டுகிறார்!

மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பிறகு, 2008 அக்டோபரில் அவர் இலகுரக விமானங்களுக்கான விமானி உரிமம் பெற்றார். கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் இடம்பிடித்தார்.

அவருக்குக் கைகொடுத்தது 'எர்கூப்' என்ற சிறிய விமானம். வழக்கமான விமானங்களில் திசைதிருப்பும் வால்பகுதியை இயக்கக் காலடியில் மிதிகள் இருக்கும். இரு கைகளுக்கும் தனி வேலை உண்டு. 1930-களில் ஃப்ரெட் வீக் வடிவமைத்த எர்கூப்பிலோ வால்பகுதியும் இறக்கைகளின் அசையும் பகுதிகளும் ஒரே சக்கரத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. திசைதிருப்ப மிதிகளே தேவையில்லை.

அதனால் ஜெசிகாவின் ஒரு பாதம் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறது. மற்றொரு பாதம் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

உடற்குறை உள்ளவர்கள் விமானியாக அமெரிக்க விமானத் துறை இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. குறை நிலையானது, மேலும் மோசமாகாது என்றால், விமானத்தைப் பாதுகாப்பாக இயக்கும் திறனைத் தேர்வாளர் முன் செய்துகாட்டலாம். தேறினால், அதற்கான சான்று கிடைக்கும்.